படுக்கையறையா, நூலறையா?

பெயரில் பன்றி இருப்பினும் கினிப்பன்றி கொறிக்கும் இனத்தது. தென்னமெரிக்க அந்தீஸ் மலைமக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதனை வளர்த்தனர். கல்லடியிலுள்ள எம் இல்லத்துக்கு அவ்வினத்தில் இரண்டு வந்து சேர்ந்தன. தன் படுக்கையறையிலேயே வைக்கவேண்டும் என்றாள் மகள். ஆகாது என்றாள் இல்லாள். தீர்ப்பு எம் பொறுப்பாயிற்று.

திண்ணையில் வைத்தால் பூனைக்கும் சாரைப்பாம்புக்கும் அஞ்சவேண்டும். குளிர்மலை உயிராதலின் 30 பாகை வெப்பமே அதற்குப் பெருந்துன்பம். கச்சான் வீசும் மாதங்களில் எம்மூர் வெயில் அதனையும் கடக்கும். ஆகவே வீட்டினுள் வைப்பதே முறை.

ஆயினும் படுக்கையறை தகுமா? கினிப்பன்றி நெடுந்துயில் கொள்வதில்லை. நள்ளிரவிலும் கொறிக்கும், கீச்சிடும். உலர்புல்லின் தூசும் சிறுநீரின் அமோனியா நெடியும் மூச்சுக்கு ஆகா. மகளுக்கோ மாரிகாலத்தில் தொய்வு வருவதுண்டு. இதற்குமேல் ஆராய என்ன இருக்கிறது? வாவிக்காற்று நுழையும் எமது நூலறையையே அவற்றுக்கு ஒதுக்கினோம்.

“அப்பா, இரவில் அதுகளுக்குப் பயமிருக்காதா?” என்றாள் மகள். கூட்டமாய் வாழும் இயல்பின. இரண்டிருப்பதால் ஒன்றுக்கொன்று துணை என்றோம்.

மனிதரைப்போலவே அவ்வுயிரும் உயிர்ச்சத்து சீயைத் தன்னுடலில் ஆக்கமாட்டாது. 1907இல் நோர்வே அறிஞர் ஹோல்ஸ்ட், புரோலிக் இருவரும் ஸ்கர்வி நோயைக் கினிப்பன்றிகளிடத்தே ஆராய்ந்து, அது உணவுக் குறையால் வருவதெனக் காட்டினர். எனவே நாள்தோறும் பசும்புல்லும் ஒரு கொய்யாத்துண்டும் இடுவது மகளின் கடன். கூட்டைத் துப்புரவாக்குவது எமது கடன்.

அருகில் கிடத்துவது ஆசை. வேளை தவறாது பேணுவதே அன்பு.