ஏறுபவரின் முழங்காலே அளவுகோல்

ஒரு வாகனத்தின் படியை யாருடைய காலைக் கொண்டு அளப்பது? ஓட்டுநர் துள்ளி ஏறிவிடுவார். பிள்ளைகள் கதவைப் பிடித்துத் தொங்கியேனும் ஏறிவிடுவர். வீட்டின் மூத்தவர் பிறர் தூக்கிவிடாமல் ஏறி இறங்க முடிந்தால்தான் அது குடும்ப வண்டி. ஒரகடத்தில் வாழும் நாங்கள் எங்கள் வேனுக்குப் பக்கவாட்டுப் படி அமைக்க முனைந்தபோது கண்டறிந்தவற்றை, இதே தேவையுள்ள குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தில் இங்கே பதிவு செய்கிறோம்.

எங்களுடையது படுக்கையும் சிறு அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட, கேம்பர் வேனாகவே பதிவான பழைய வண்டி. ஜவ்வாது மலையின் கரடுமுரடான கிராமப் பாதைகளிலும் அடிதட்டாமல் செல்லும் அளவுக்கு உயரமானது. அந்த உயரமே உம்மாவுக்குத் தடையானது. கதவின் உட்படி தரையிலிருந்து 50 செ.மீ.; வண்டியின் தளம் 77 செ.மீ. வீட்டு மாடிப்படி ஒன்றின் உயரத்தை 19 செ.மீ.க்கு மிகாமல் வைக்கவேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அப்படியானால், உம்மா முதல் எட்டிலேயே இரண்டரைப் படியை ஒன்றாகக் கடக்கவேண்டியிருந்தது.

இதன் விளைவு முழங்கால் வலியோடு நிற்கவில்லை. கீழக்கரைக்குச் செல்லும் நெடும்பயணத்தில், இறங்கி ஏற அஞ்சி உம்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். அவர்களோ சர்க்கரை நோயாளி. வழியில் பள்ளிவாசலில் நிறுத்தி நாங்கள் தொழச் செல்லும்போது, அவர்கள் இருக்கையிலேயே அமர்ந்து தொழுதுகொண்டார்கள். தேநீர்க் கடை வாசலில் நாலு பேர் பார்க்க இருவர் தாங்கிப் பிடித்து ஏற்றுவது அவர்களுக்குப் பெருங்கூச்சம். பின்னர் பயணப் பேச்சு எழுந்தாலே, “நீங்க போய்ட்டு வாங்க வாப்பா, எனக்கு வீட்டுல வேலை கெடக்கு” என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

சந்தையில் கிடைக்கும் படிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, வண்டியின் நீளத்துக்கு ஓடும் தட்டைப் பலகை. பார்வைக்கு அழகானது, ஆனால் மேடுபள்ளத்தில் முதலில் தட்டுவது அதுதான். இரண்டாவது, சட்டகத்தோடு இணையும் தடித்த இரும்புக் குழாய். பாறையில் உரசினாலும் வண்டியின் அடிப்பகுதியைக் காப்பது அதன் பணி. ஆகவே அது உயரத்திலேயே இருக்கும், முதியவருக்கு உதவாது. மூன்றாவது, மடக்குப் படி. வண்டி நிற்கும்போது இறங்கும், ஓடும்போது உள்ளே மடங்கும். தரை இடைவெளியும் குறையாது, ஏறுவதும் எளிதாகும். எங்கள் தேவைக்கு மூன்றாவதே பொருந்தியது.

கடைக்குச் செல்லுமுன் உம்மாவின் காலை அளந்தோம். வாசலில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எந்த உயரம்வரை சிரமமின்றி ஏறுகிறார்கள் என்று பார்த்தோம். 20 செ.மீ. வரை பிடிமானமே தேவைப்படவில்லை. 25 செ.மீ. உயரத்துக்கு ஒரு கைப்பிடி தேவைப்பட்டது. அதற்கு மேல் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஆகவே மடக்குப் படியைத் தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் வைப்பதென முடிவாயிற்று. இப்போது ஏற்றம் 25, 25, 27 என மூன்று எட்டுகளாகப் பிரிந்தது.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலையும், 2012இல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலையும் செயல்படத் தொடங்கின. அவற்றைச் சுற்றிப் பெருகிய சிறு பட்டறைகளில் லேசர் கட்டிங்கும் பெண்டிங்கும் இங்கு அன்றாட வேலை. அப்படியொரு பட்டறையின் மூத்த மேஸ்திரி எங்கள் வரைபடத்தைப் பார்த்ததும், “பெரியம்மா கை எங்க பிடிக்கும்னு மொதல்ல சொல்லுங்க பாய். படி அப்புறம்” என்றார். லாரி ஓட்டுநர்களுக்குக் கற்பிக்கப்படும் பாதுகாப்பு விதியும் இதுவே: ஏறும்போதும் இறங்கும்போதும் இரு கைகளும் ஒரு காலும், அல்லது இரு கால்களும் ஒரு கையும் எப்போதும் வண்டியைத் தொட்டிருக்கவேண்டும். எனவே கதவின் இருபுறமும் நெடுங்குத்தான கைப்பிடிகள் முதலில் அமைந்தன.

அடுத்தது வலிமை. 70 கிலோ எடையுள்ள ஒருவர் இணைப்பிலிருந்து 20 செ.மீ. தள்ளிக் கால் வைத்தால், அங்கே ஏறத்தாழ 137 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் உண்டாகிறது. வேகமாகக் கால் ஊன்றினால் அது இன்னும் கூடும். கதவடித் தகடு மெல்லியது. அதில் நேரடியாகத் திருகினால் நாளடைவில் கிழியும். ஆகையால் சட்டகத்தில் ஏற்கெனவே உள்ள துளைகளில், தடித்த தாங்குதகடு வைத்து போல்ட் மூலம் இணைத்தோம். சட்டகத்தில் வெல்டிங் செய்யவில்லை. அந்த வெப்பம் இரும்பின் வலிமையைக் குலைக்கக்கூடும். மிதிபரப்புக்கு வழுவழுப்பான தகட்டைத் தவிர்த்து, சேறும் மழைநீரும் கீழே விழுந்துவிடும் வலைத்தகட்டைத் தேர்ந்தோம். ஈரச் செருப்பும் அதில் வழுக்குவதில்லை. பொருத்தியபின் 25 கிலோ அரிசி மூட்டைகள் ஆறினை அடுக்கி ஓர் இரவு விட்டுப் பார்த்தோம், படி வளையவில்லை.

மடக்குப் படியில் ஓர் ஆபத்து உண்டு: மடக்க மறந்து வண்டியை எடுப்பது. நீட்டிய படி இருசக்கர வாகனத்தில் வருபவரின் காலை முறித்துவிடும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஷிப்ட் முடியும் நேரத்து நெரிசலை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணியிருக்க, நாமே ஒரு தொல்லையைச் சாலையில் நீட்டிச் செல்லலாமா? ஆலை இயந்திரங்களில் உள்ளதைப் போன்ற லிமிட் சுவிட்சைப் படியில் பொருத்தினோம். படி வெளியே இருக்கும்வரை ஓட்டுநர் முன் சிவப்பு விளக்கு எரியும், ஒலியும் எழும்.

சட்டத்தையும் மறந்துவிடலாகாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, வாகனத்தின் அடிப்படை அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. வண்டியின் முன்புறம் பொருத்தும் இரும்புத் தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியதும் நினைவிருக்கலாம். மடக்கியபின் வண்டியின் பதிவான அகலத்தைத் தாண்டாத, கழற்றிவிடக்கூடிய படியையே நாங்கள் தேர்ந்தமைக்கு இதுவும் காரணம். இத்தகைய வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவதும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் நலம்.

ஒருவர் வாகனத்தில் ஏற உதவுவதும், அவருடைய சுமையை ஏற்றிவைப்பதும் தர்மம் என்பது நபிமொழி. கைபரிலிருந்து திரும்பும் வழியில், அண்ணலார் (ஸல்) ஒட்டகத்தின் அருகே அமர்ந்து தம் முழங்காலை வைத்துக்கொடுக்க, அன்னை ஸஃபிய்யா (ரலி) அதன்மீது பாதம் வைத்து ஏறியதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி உள்ளது. ஒரு படையின் தலைவர், தம் துணைவியார் ஏறுவதற்குத் தம் முழங்காலையே படியாக்கினார்கள். ஏறுபவருக்கு ஏற்ப வாகனம் தாழவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் வேண்டுமா?

படி பொருத்தியபின் உம்மா எங்களோடு இருமுறை ஊர் சென்று வந்துவிட்டார்கள். திண்டிவனத்தைத் தாண்டியதும் லுஹருக்கு வண்டியை நிறுத்தச் சொன்னதே அவர்கள்தான். கைப்பிடியைப் பற்றி, பிஸ்மில்லாஹ் கூறித் தாமே இறங்கி ஒளூச் செய்யச் சென்றார்கள். தண்ணீர்ப் பாட்டில் இப்போது பாதி வழியிலேயே காலியாகிவிடுகிறது.

பெரியவர்கள் “நான் வரலை” என்று சொல்லும் வீடுகளில், வண்டிப் படியின் உயரத்தை ஒருமுறை அளந்து பாருங்கள். நம்மை ஏற்றிவிட்டவர்களின் கால்கள் தளரும்போது அவர்களுக்குப் படியாக இருக்கும் பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.