ஏரிப் படங்களும் ஸ்வாப் கணக்கும்

ஐதராபாத்தின் பாலாநகர் என்றதும் பலருக்கும் தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். செயற்கைக்கோள் படங்களை நம்பி ஆய்வு செய்வோருக்கோ, அது தேசியத் தொலையுணர்வு மையம் இருக்கும் இடம். 1974இல் முகமையாகத் தொடங்கிய இந்நிறுவனம் 2008இல் இஸ்ரோவின் மையமாயிற்று. ஷாத்நகரில் இறங்கும் படங்கள் இதன் வழியாகவே நம் மேசைக்கு வந்து சேர்கின்றன. வந்தபின் நம் கணினியின் நினைவகம் அவற்றைத் தாங்குமா என்பது வேறு கதை.

ரிசோர்ஸ்சாட்-2இன் லிஸ்-4 கருவி 5.8 மீட்டர் நுணுக்கத்தில் 70 கிலோமீட்டர் அகலத்தைப் படம் பிடிக்கிறது. சதுரமான ஒரு படத்தில் பக்கத்துக்குச் சுமார் 12,000 புள்ளிகள், மொத்தம் 14.4 கோடி. ஏரிகளின் நீர்ப்பரப்பைப் பிரித்தறியப் பச்சை, அண்மை அகச்சிவப்பு ஆகிய இரு பட்டைகள், அவற்றின் கூட்டல், கழித்தல், விகிதம் என ஐந்து அணிகள் தேவை. புள்ளிக்கு 8 பைட் வீதம் ஓர் அணி 1.15 ஜிகாபைட். இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டால் பத்து அணிகள், 11.5 ஜிகாபைட். ஆய்வகக் கணினியில் இருப்பது 8.

மிஞ்சுவதை இயங்குதளம் வட்டுக்கு அனுப்புகிறது. லினக்ஸின் ஸ்வாப் பகுதிக்குள் கோப்புப் பெயரும் இல்லை, அடைவும் இல்லை. நினைவகப் பக்கத்தின் அளவேயான கட்டங்கள், பெரும்பாலும் 4 கிலோபைட், வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் பயன்பாட்டு எண்ணிக்கை உண்டு. சுழி என்றால் காலி. வெளியேறும் பக்கத்துக்கு ஒரு கட்டம் கிடைத்ததும், அதன் எண் பக்க அட்டவணையில் முகவரி இருந்த இடத்திலேயே எழுதப்படுகிறது. தனிப் பகுதிக்குப் பதில் ஸ்வாப் கோப்பு வைத்தால், அதன் துண்டுகள் வட்டில் எங்கெங்கே உள்ளன என்பதைக் கெர்னல் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளும். இடையில் ஒதுக்கப்படாத வெற்றிடம் உள்ள கோப்பை அது ஏற்காததற்குக் காரணம் இதுவே.

இடத்தை எப்போது ஒதுக்குவது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 4.3 பிஎஸ்டி போன்ற பழைய யூனிக்ஸ்கள், நிரல் நினைவகம் கேட்ட உடனேயே வட்டில் இடம் ஒதுக்கின. இடமில்லையேல் அப்போதே மறுத்தன. லினக்ஸ் பொதுவாகத் தாராளமாக வாக்களித்துவிட்டு, பக்கம் வெளியேறும் தருணத்தில்தான் கட்டம் தேடுகிறது. வாக்குகள் எல்லாம் ஒரே இரவில் வசூலுக்கு வந்து ஸ்வாப்பும் நிரம்பினால், கெர்னல் ஒரு செயல்முறையைக் கொன்று இடம் மீட்கும். ஆறு மணி நேரம் ஓடிய கணக்கு காலையில் ஒற்றை வரிச் செய்தியாகக் கிடப்பது இதனால்தான். நினைவகத்தைப்போல் இருமடங்கு ஸ்வாப் வைக்க வேண்டும் என்று ஆய்வகங்களில் இன்றும் சொல்லப்படும் விதி, முன்கூட்டி ஒதுக்கும் அந்தக் காலத்துக்கே பொருந்தும். (சுழல் வட்டில் 16 ஜிகாபைட் ஸ்வாப் வைத்துப் பட்டம் வாங்கிவிடலாம் என்போரின் பொறுமைக்கு வணக்கம்.)

மாணவ நண்பர்கள் கவனிக்க இன்னொன்றும் உண்டு. கோப்பிலிருந்து நேரே நினைவகத்தில் பொருத்தப்பட்டு, மாற்றப்படாத பக்கங்கள் ஸ்வாப்புக்கே போவதில்லை. மூலம் வட்டில் இருப்பதால் கெர்னல் அவற்றை உதறிவிடும். இடம் கேட்பவை நாம் கணக்கிட்டு உருவாக்கும் அணிகள்தாம். ஜிடால் நூலகத்தின் மூலம் படங்களை 1,024 வரிகளாக வெட்டிப் படித்தால், ஓர் அணி நூறு மெகாபைட்டுக்குள் அடங்கும். பத்தும் சேர்ந்து ஒரு ஜிகாபைட். அந்த 8 ஜிகாபைட் கணினியே போதும்.