கிழட்டு நுளம்பைத் தேடி

மாத்தளை மாவட்டத்தில் பூச்சியியல் வேலை செய்கிறவனுக்கு இரண்டு விதமான காலக்கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெற்கே மலைப்பக்கம் மழை பொய்த்தால்தான் பயம்: ஓடை வற்றி, பாறைக் குழியிலும் மணலிலும் தெளிந்த நீர் தேங்கும், மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் அங்கே முட்டையிடும். வடக்கே கலேவெல, தம்புள்ளைப் பக்கத்தில் அந்தக் காலத்தில் மாரி மழைக்குப் பிறகுதான் காய்ச்சல் வரும். அந்தோனியார் கோயிலால் பேர்பெற்ற வஹகோட்டை இந்த வடக்குப் பக்கத்து ஊர். யாத்திரிகர்கள் கோயிலைப் பார்த்துப் போவார்கள். நாங்கள் பார்ப்பது மாட்டுப் பட்டி, வாய்க்கால், கறையான் புற்று.

1934இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாக நின்றபோது, மலேரியா அதிகம் கண்டிராத கேகாலை, குருநாகல் பக்கத்து மக்கள் கூட்டங்கூட்டமாக விழுந்தார்கள். 1935 முடிவதற்குள் இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். ஒரு பூச்சி எந்தத் தண்ணீரை விரும்பும் என்ற சின்ன விஷயத்தில் எத்தனை உயிர் தொங்குகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இரவில் மாடு கட்டிய வலைக்கூடாரத்துக்குள் டோர்ச் அடித்து, உறிஞ்சு குழாயால் நுளம்பைப் பிடித்துக் கடதாசிக் கோப்பையில் அடைப்போம். உண்மையான வேலை விடிந்த பிறகுதான். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி உப்புக் கரைசல், கையில் இரண்டு ஊசி. ஒன்றால் நெஞ்சை அமுக்கி, மற்றதால் தலையைப் பதமாக இழுத்தால் உமிழ்நீர்ச் சுரப்பிகள் கூடவே வரும். மலேரியா ஒட்டுண்ணி அங்கே இருந்தால் மெல்லிய கீற்றுகளாகத் தெரியும். பிறகு சூலகத்தை எடுத்துத் தண்ணீரில் வைத்து உலரவிடுவோம். அதன்மேல் படர்ந்த நுண்ணிய மூச்சுக்குழாய்களின் நுனி, சுற்றிவைத்த நூல்போல் சுருண்டிருந்தால் அது இன்னும் முட்டையிடாத இளம் நுளம்பு. சுருள் அவிழ்ந்திருந்தால் ஒரு தடவையாவது முட்டையிட்டது. ஒட்டுண்ணி நுளம்புக்குள் முற்றப் பத்து நாளாவது வேண்டும். ஆகவே நோய் தருவது கிழட்டு நுளம்புதான். ஊரில் எத்தனை நுளம்பு என்று எண்ணுகிறவன் பாதி வேலைதான் செய்கிறான். எத்தனை கிழடு என்று கேட்கத் தெரிய வேண்டும்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதும் ஒன்றல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் எஸ். என். சுரேந்திரன் குழுவினர் 2000இல் ஆண் நுளம்பின் வை நிறமூர்த்தத்தின் வடிவத்தை வைத்து, இலங்கைக் குலிசிஃபேசிஸுக்குள் பி, ஈ என இரண்டு இனங்கள் கலந்திருப்பதைக் காட்டினார்கள். மலேரியாவைப் பரப்புவது ஈ இனம்.

நாங்கள் தேடும் இன்னொரு பூச்சியான மணல் ஈயிடம் இந்தப் பாடமெல்லாம் செல்லாது. நுளம்பைவிடச் சின்னது, சத்தமில்லாமல் தத்தித் தத்திப் பறப்பது. அதன் புழு தண்ணீரில் அல்ல, ஈரமும் மக்கலும் கலந்த மண்ணில் வளர்வதால், தேங்கிய நீரைக் கொட்டிப் பயனில்லை. அது பரப்பும் லீஷ்மேனியாசிஸ் நோய் இலங்கையிலேயே தொற்றியதாக முதலில் அறியப்பட்டது 1992இல். பீகாரில் கல்லீரலையும் மண்ணீரலையும் தாக்கிக் காலா அசார் நோயாகக் கொல்லும் அதே லீஷ்மேனியா டோனோவானி ஒட்டுண்ணிதான் இங்கே பெரும்பாலும் தோலோடு நிற்கிறது. மாத்தளையும் அது காணப்படும் மாவட்டங்களில் ஒன்று.

மலேரியாவுக்கே திரும்பினால், 1963இல் நாடு முழுவதும் நோயாளிகள் 17 பேர்தான். கண்காணிப்புத் தளர்ந்தது, 1969இல் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. நாட்டில் வேரூன்றியிருந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். மலேரியா ஒழிந்தது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் 2016 செப்டெம்பரில். ஒழிந்தது ஒட்டுண்ணிதான், நுளம்பு அல்ல. சான்றிதழ் வந்த அதே ஆண்டின் இறுதியில் இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீஃபன்சியும் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. நோயாளி இல்லாத காலத்தில் நுளம்பு அறுக்கத் தெரிந்தவனுக்குச் சம்பளம் எதற்கு என்று கேட்பார்கள். 1969தான் அதற்குப் பதில்.

உங்களிடமும் இரண்டு வேண்டுகோள். இந்தியாவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ போய்வந்த பிறகு காய்ச்சல் கண்டால், போய்வந்ததை வைத்தியரிடம் சொல்லி மலேரியாவுக்கு இரத்தம் சோதிக்கக் கேளுங்கள். வலியில்லாமல், வாரக்கணக்கில் ஆறாமல் தோலில் ஒரு கொப்புளமோ புண்ணோ இருந்தால், வலிக்கவில்லையே என்று விட்டுவிடாமல் அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கில் காட்டுங்கள்.