பத்து வெள்ளியும் பழைய பாட்டும்

அமெரிக்கப் பாடகி ஜில் சோபியூல் தம் பாடல்களைத் தாமே எழுதி, கித்தார் மீட்டிப் பாடியவர். 1995இல் அவருடைய பாடலொன்று வானொலிகளில் பரவிப் புகழ் தந்தது. ஆயினும் இரண்டு பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் அவரைக் கைவிட்டன. பின்னர்ச் சேர்ந்த இரண்டு சிறு நிறுவனங்களோ மூடுவிழாக் கண்டன. இனி எவர் வாசலிலும் காத்து நிற்பதில்லை என்று 2008இல் தம் இரசிகர்களிடமே இணையத்தின் வழிப் பொருள் கேட்டார்.

வேண்டியது 75,000 டாலர். பத்து டாலர் தந்தவர், பாடல்கள் வெளிவந்ததும் பதிவிறக்கிக் கொள்ளலாம். ஆயிரம் தந்தவருக்கென்று தனியாக ஒரு பாட்டு. ஐயாயிரம் தந்தவர் வீட்டுக்கே வந்து பாடுவார். பத்தாயிரம் தந்தவரோ இசைத்தொகுப்பிலேயே குரல் கொடுக்கலாம்! (இந்தக் கடைசி ஏற்பாடு எனக்கு அவ்வளவாக உவப்பில்லை, பணம் உள்ளவர் குரலெல்லாம் பாட்டாகிவிடுமா?) இரண்டு திங்களுக்குள் தொகை சேர்ந்துவிட்டது. 'கலிபோர்னியா இயர்ஸ்' என்னும் அத்தொகுப்பு 2009இல் வெளிவந்தது. 2025 மே திங்களில் சோபியூல் ஒரு தீவிபத்தில் மறைந்தார்; பாடல்கள் இருக்கின்றன.

இதை இங்கே எழுதக் காரணம், என் மாணவி ஒருத்தியின் பாட்டி. எண்பதைக் கடந்தவர். கடாரத்து இரப்பர்த் தோட்டமொன்றில் பெரட்டுக்கு நின்று, கித்தா மரம் வெட்டி, மங்கு கழுவி வாழ்ந்தவர். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கங்காணியைக் கேலி செய்யும் பாட்டு என்று அவர் நெஞ்சில் நாற்பதுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றுள் சில அவரே கட்டியவை. தோட்டம் செம்பனைக்கு மாறி, மக்கள் சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் பெயர்ந்த பிறகு, அவற்றைக் கேட்கவும் ஆளில்லை. பேத்தியோ கலை விழாவுக்குத் திரைப்பாடல் பயில்கிறாள். அவளைக் குறை சொல்வானேன்? நாம் கற்றுக் கொடுத்தது அதுதானே!

சோபியூலுக்கு முன்னமே இரசிகர்கள் இருந்தார்கள், நம் பாட்டிக்கு யார் இருக்கிறார்கள் என்று ஆசிரிய நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது அந்நூலுக்கு எத்தனை இரசிகர்கள் இருந்தார்கள்? கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவர், நூல் வெளிவருமுன்பே பலரிடம் கையொப்பம் வாங்கிப் பொருள் திரட்டினார். கையொப்பம் இட்டவரெல்லாம் சிந்தாமணியைப் படித்துச் சுவைத்திருந்தவர் அல்லர். கேட்டவர்மேல் நம்பிக்கை வைத்தவர்கள்.

அவ்வளவு தொலைவு போவானேன்? தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டந்தோட்டமாகச் சென்றார். பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். தோட்டத்தையே வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு குறுந்தட்டு பெரிதா?

நிற்க. பணத்தைக் கையாள்வதில் கவனம் வேண்டும். இசைக்கலைஞர்களுக்காக இரசிகர் பணம் திரட்டிய பிளெட்ஜ்மியூசிக் நிறுவனம் 2019இல் நொடித்தபோது, கலைஞர் பலருக்குச் சேரவேண்டிய பணம் கைக்கு வரவேயில்லை. ஆகவே குடும்பத்துக்குப் பத்து வெள்ளி, உடனுக்குடன் பற்றுச்சீட்டு, பெற்றோர் இருவர் பொறுப்பில் கணக்கு என்று பேசி வைத்திருக்கிறோம். செலவு போக மிஞ்சுவது முழுவதும் பாட்டிக்கே. பாடல் வரிகளையும் பொருளையும் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதித் தருவார்கள். தோட்டச் சொற்களுக்கு அவர்கள் வீட்டில் கேட்டு விளக்கம் கொண்டுவர வேண்டும்.

செய்தியைச் சொன்னபோது பாட்டி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அழுவுற பாட்டுக்குக்கூடவா டீச்சர் காசு குடுப்பாங்க?" என்றார். ஒப்பாரியைப் பதிவு செய்ய அவர் மகனுக்கு விருப்பமில்லை. வீட்டில் பாடினால் ஆகாது என்கிறார். அதனால் ஒலிப்பதிவைப் பள்ளி நூலகத்தில், விடுமுறையின் முதல் சனிக்கிழமை வைத்துக்கொள்கிறோம். மின்விசிறிகளை நிறுத்திவிடுவோம். வர விரும்பும் பெற்றோர் ஏழு மணிக்கே வந்துவிடுங்கள். பாட்டிக்குக் குரல் எடுப்பது காலையில்தான்.