வளையங்களும் இடைவெளியும்

தூண்டில் தடியைப் பார்ப்பவர்கள் அதன் நீளத்தைப் பார்ப்பார்கள். றீலின் விலையைக் கேட்பார்கள். தடியின் உடலில் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும் சிறு வளையங்களைக் கவனிப்பவர்கள் குறைவு. ஆயினும், ஒரு தடி கைக்கு இசைவானதா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை அந்த வளையங்களே. இதனை நான் கற்றுக்கொண்டது கனடாவில் வசிக்கும் என் தம்பியிடம்.

யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தடியில் நாங்கள் மீன் பிடித்த காலத்தில் தடியும் இல்லை, வளையமும் இல்லை. பால்மாப் பேணியில் சுற்றிய தங்கூசி, ஓர் ஈயக்குண்டு, ஒரு தூண்டில், அவ்வளவுதான். மீன் கொத்துவதைச் சுட்டுவிரல் சொல்லும். ரொறொன்ரோவுக்குப் போன பின்னரே தம்பி தடிக்கு மாறினான். கோடையில் சிம்கோ ஏரிக்குப் போய் பாஸ் மீன் பிடிப்பது, தொழிற்சாலை வேலைக்கும் குளிர்காலத்துக்கும் ஈடாக அவன் தனக்கென வைத்திருந்த ஒரே சந்தோசம்.

பின்னர் பாரிசவாதம் அவனது வலது பக்கத்தைத் தாக்கியது. பேச்சு திரும்பியது, நடையும் திரும்பியது. வலது மணிக்கட்டின் பலம் மட்டும் முழுமையாகத் திரும்பவில்லை. பழைய தடியைப் பத்து நிமிடம் பிடித்தால் அதன் நுனி தண்ணீரை நோக்கித் தாழ்ந்துவிடும். "அண்ணை, தடியை வித்துப்போடுவமோ எண்டு யோசிக்கிறன்" என்று ஒருநாள் தொலைபேசியில் சொன்னான். நான் பதில் சொல்லவில்லை. அவன் விற்க நினைப்பது தடியை மட்டுமல்ல என்பது எனக்கு விளங்கியது.

ஆனால் கடந்த கோடையில் நான் அங்கு சென்றபோது, அவனது மேசையில் 7 அடி நீளமான கார்பன் இழைத் தடியொன்று கைப்பிடி மட்டும் பொருத்திய நிலையில் கிடந்தது. வளையங்களைத் தானே தெரிந்தெடுத்துக் கட்டப்போவதாகச் சொன்னான்.

காரணம் எளிமையானது. தடியின் பாரம் எவ்வளவு என்பதைவிட, அந்தப் பாரம் எங்கே இருக்கிறது என்பதே மணிக்கட்டுக்கு முக்கியம். கையிலிருந்து ஒரு பொருளின் தூரம் இரு மடங்கானால், அதனை வீசி அசைப்பதற்கு எதிரான தடை நான்கு மடங்காகிறது. ஆகவே நுனியில் குறைக்கும் ஒரு கிராம், கைப்பிடியில் குறைக்கும் பல கிராமுக்குச் சமம். துருப்பிடிக்காத உருக்குச் சட்டமுள்ள வளையங்களை விட்டு, விலை கூடிய தைத்தேனியச் சட்டமுள்ளவற்றை அவன் வாங்கியது இதனாலேயே. உள்ளே பதித்த வட்டம் சிலிக்கன் காபைட். பின்னல் நூல் ஓயாமல் உரசினாலும் அது இலகுவில் கீறுப்படாது. சூட்டையும் விரைவாகக் கடத்திவிடும்.

வளையத்தின் அளவுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஸ்பின்னிங் றீலிலிருந்து நூல் நேராக வருவதில்லை; சுருள் சுருளாகப் பாய்ந்து வருகிறது. எனவே றீலுக்கு அண்மையில் உள்ள முதல் வளையம் பெரிதாகவும் உயரமாகவும் இருக்க வேண்டும். அடுத்தடுத்தவை சிறுத்து, சுருளை அடக்கி நேராக்கும். சுருள் அடங்கும் இடத்தை மதிப்பிடத் தடி கட்டுவோரிடம் ஒரு கணக்கு உண்டு: றீலின் நூற்சுருளை முன்விளிம்பின் விட்டத்தை 27ஆல் பெருக்குவது. தம்பியின் றீலில் அது 45 மில்லிமீற்றர். ஆகவே றீலிலிருந்து ஏறத்தாழ 1215 மில்லிமீற்றர். அதற்கப்பால் நுனிவரை ஒரே அளவான சிறு வளையங்கள் போதும். எவ்வளவு சிறியவை? நூலையும் அதன் முனையில் கட்டிய தலைப்பு நரம்பையும் இணைக்கும் முடிச்சு தட்டாமல் செல்ல வேண்டும். அதுவே எல்லை.

எண்ணிக்கைக்குப் பழைய கணக்கு, அடிக்கு ஒன்று, மேலதிகமாக ஒன்று. 7 அடிக்கு நுனி வளையம் தவிர்த்து 8. நுனியருகே நெருக்கமாகவும் கைப்பிடியை நோக்கி வர வர அகலமாகவும் அவற்றை வைப்பர். தம்பி ஒன்றைக் குறைக்க விரும்பினான். பாரம் குறையும் அல்லவா? அதற்கான தீர்ப்பைக் கணக்கிடம் விடாமல் தடியிடமே கேட்டோம்.

வளையங்களைப் பசைநாடாவால் தற்காலிகமாக ஒட்டி, நூலைக் கோத்து, முனையில் பாரம் கட்டி, தடியை வளைத்தோம். வளைந்த தடியின் கோட்டை நூலும் ஒத்துச் செல்ல வேண்டும். 7 வளையங்களுடன் பார்த்தபோது நடுப்பகுதியில் நூல் இரண்டு இடங்களில் கூர்மையாக முறிந்து திரும்பியது. அப்படித் திரும்பும் இடத்தில் உரசல் கூடும். தடியின் மீதான இழுவையும் ஓரிடத்தில் குவியும். எட்டாவதை மீண்டும் ஒட்டி, அயலிலுள்ள இரண்டையும் சிறிது சிறிதாக நகர்த்திய பின் நூல் சீரான வளைவில் அமைந்தது. எட்டும் இருக்கட்டும், ஆனால் முன்பகுதியில் உள்ளவை ஓரளவு சிறியவையாக இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். இரண்டு மாலைப்பொழுதுகள் இதற்கே சென்றன.

கட்டுவதற்கு அவனது இடது கையும் எனது இரண்டு கைகளும் தேவைப்பட்டன. நான் நைலோன் நூலை இழுத்துப் பிடிக்க, அவன் தடியை மெல்ல உருட்டினான். வளையத்தின் பாதத்தின் மீது நூல் ஏறும் இடத்தில் மாத்திரம் "மெதுவா, அண்ணை" என்பான். பின்னர் எபொக்சி பூசி, அது ஒரு பக்கம் வழிந்து திரளாமலிருக்க, இறுகும்வரை சிறிய மோட்டாரில் சுழலவிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை சிம்கோவில் அவன் இரண்டு மணி நேரம் தடியைப் பிடித்து நின்றான். இடையிடையே ஓய்வெடுத்தான், ஆனால் தடியை என்னிடம் தரவில்லை.

கை தளர்ந்துவிட்டது என்பதால் மீன்பிடியைக் கைவிட எண்ணும் வயதானவர்கள் நம்மிடையே பலர் உண்டு. ஒஸ்லோவிலோ சிட்னியிலோ மட்டக்களப்பிலோ அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், தடியை விற்குமுன் அதன் நுனியைச் சற்று ஆட்டிப் பாருங்கள். சில வேளைகளில் பாரமாக இருப்பது நுனிப்பக்கத்து வளையங்கள் மட்டுமே. அவற்றை மாற்றிக் கட்டலாம்.