ஆத்தா கேட்ட வினா

சென்ற கோடை விடுமுறையில் மங்கலத்திலுள்ள என் ஆத்தாவின் இல்லம் சென்றிருந்தேன். அன்று அவ்வூர்க் குழாயில் நீர் வாராமையால், திருப்பூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டினின்று ஒரு குடம் நீர் கொண்டு சென்றிருந்தோம். அதனைப் பானையில் ஊற்றியவாறே அவர், “ஏஞ்சாமி, இந்தத் தண்ணி ஆரோடது?” என்று வினவினார்.

“பவானியாத்துத் தண்ணி, ஆத்தா” என்றேன்.

“அது தெரியுது. ஆரோடதுன்னு கேட்டேன்.”

தமிழ் ஆனர்ஸ் பயிலும் எனக்கு அவ்வெளிய வினாவிற்கு உடனே விடை கூற நா எழவில்லை.

ஆத்தாவின் வீட்டுப் பின்புறத்தே ஒரு கிணறு உண்டு. பேரூர்ப் புராணம் காஞ்சிமாநதி எனப் போற்றும் நொய்யலுக்கு அஃது அணித்தே உள்ளது. ஒரு காலத்தில் அதன் நீரால் தென்னையும் வாழையும் தழைத்தனவாம். பனியன் துணிக்குச் சாயமேற்றும் பட்டறைகள் ஆற்றோரமெங்கும் பெருகிய பின்னர், உப்பும் சாயமும் மண்ணுள் இறங்கின. யான் பிறந்தபோது அந்நீர் பாத்திரம் துலக்கவும் உதவாததாயிற்று. இதில் யாரைக் குறை கூறுவது? என் தந்தையாரே ஒரு சாயப்பட்டறையில் கூலிக்குச் சென்றவர்தாமே.

கிணற்றைக் கெடுத்த அத்தொழிலுக்கே நன்னீர் மிகுதியாக வேண்டியிருந்தது. சுற்றூர்க் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக விலைக்கு வாங்கியும் போதவில்லை. ஆகவே 1995 ஆம் ஆண்டில் நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன் லிமிடெட் என்னும் கம்பெனி தோன்றிற்று. தமிழ்நாட்டரசின் தொழில்வளர்ச்சி நிறுவனமும், திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும், பம்பாயிலுள்ள ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்னும் நிதி நிறுவனமும் அதனைக் கூடி அமைத்தன. 2000 ஆம் ஆண்டில் முப்பதாண்டு உரிமை அதற்கு வழங்கப்பட்டது. ஏறக்குறைய ஆயிரம் கோடி ரூபாய்ச் செலவில், நாளொன்றுக்குப் பதினெட்டரைக் கோடி லிட்டர் நீரைப் பவானியினின்று கொணர்வது திட்டம். 2006 ஆம் ஆண்டளவில் நீர் வந்தது. அக்குழாயும் யானும் ஏறக்குறைய ஒரே வயதினர்!

அதன் விலையமைப்பு வியப்பிற்குரியது. தொடக்கத்தில் வகுத்தபடி, ஆயிரம் லிட்டருக்கு ஆலைகள் 45 ரூபாய் கொடுக்க, வீடுகளுக்காக நகராட்சி கொடுப்பது 5 ரூபாயே. தென் அமெரிக்காவில், பொலிவியா நாட்டின் கோச்சபாம்பா நகரத்து நீரும் கம்பெனி வசமாயிற்று. ஆனால் அங்கே வீட்டு நீரின் விலை ஏறவே மக்கள் கிளர்ந்தெழுந்து, 2000 ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்வொப்பந்தத்தை முறித்தனர். எங்கள் ஊரிலோ பாரத்தைச் சாயத்தொட்டி சுமந்தது. வீட்டார் யாதும் அறிந்திலர். இதனைச் சூழ்ச்சி என்று இகழ்ந்துவிடுதல் எளிது. அதற்கு என் மனம் ஒப்பவில்லை. நள்ளிரவில் குடங்களை வரிசையில் வைத்துத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த காலத்தை என் அன்னையார் இன்றும் மறந்திலர்.

2011 ஜனவரியில், நொய்யற் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கின் வழியே, சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. எனக்கு அப்பொழுது ஐந்து வயதிருக்கலாம். நீலமும் சிவப்புமாய் யான் எப்பொழுதும் கண்ட தந்தையாரின் நகங்கள் மெல்ல வெளுத்தன. அவர் பகலிலும் வீட்டிலிருந்தது எனக்குப் பெருமகிழ்ச்சி. அன்னையார் அரிசிப் பானையை அடிக்கடி எட்டிப் பார்த்ததன் பொருள் பின்னரே விளங்கிற்று. பட்டறைகள் ஓய்ந்தமையால் 45 ரூபாய் கொடுப்பாரும் அருகினர். கழிவுநீரை வெளியே விடாது சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையோடு பட்டறைகள் திறந்தபின்னும், அவற்றிற்குப் புதுநீர் முன்போல் வேண்டியிருக்கவில்லை. ஆற்றுக்கு அது நன்மை. நீர் விற்பார்க்கோ இழப்பு. 2018 ஆம் ஆண்டில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிறுவனமே கடன் கட்டத் தவறிற்று. மத்திய அரசு அதன் இயக்குநர் குழுவை மாற்றியமைத்தது. எங்கோ பம்பாயில் கணக்குப் புத்தகம் சரிந்தால், அச்சரிவு எங்கள் வீட்டுக் குழாய்வரை எட்டுமோ என்று அந்நாளில் எங்கள் தெருவில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

இவற்றையெல்லாம் யான் இயன்றவரை எளிமையாக எடுத்துரைத்தேன். ஆத்தா வெற்றிலையை மென்றவாறே இறுதிவரை கேட்டார்.

“அப்ப, பட்டறை ஓடுனாத்தான் நமக்குத் தண்ணி. பட்டறை ஓடுனதுல தான கண்ணு நம்ம கெணறு போச்சு?” என்றார்.

யான் வாளாவிருந்தேன். அவர் எழுந்து பானையை மூடிவிட்டுப் பின்கட்டிற்குச் சென்றார். இருபதாண்டுகளாக எவரும் நீர் இறைக்காத அக்கிணற்றின் உருளையில் அவர் எண்ணெய் விடும் ஓசை கேட்டது.