வளருது

புட்ரெசின் என்ற பெயருக்குள்ளேயே அழுகல் இருக்கிறது. 1885-இல் லுட்விக் பிரீகர் அதை விவரித்தது அழுகும் இறைச்சியை ஆராய்ந்தபோது. ஆனால் பாக்டீரியா, வாழை, மனிதன் என எல்லோரிடமும் உயிரோடு இருக்கும்போதே அது உண்டு. அதிலிருந்து ஸ்பெர்மிடினும், ஸ்பெர்மிடினிலிருந்து ஸ்பெர்மினும் உருவாகின்றன. இந்த மூன்றும் பாலிஅமீன்கள். நேர்மின்சுமை கொண்டவை என்பதால் டிஎன்ஏ, ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொள்ளும். இவை தீர்ந்தால் செல் பிரிவது நின்றுவிடும்.

ஸ்ரீரங்கத்துத் தோப்பில் வாழைக்குருத்து வளர ஸ்பெர்மிடின் வேண்டும். திருச்சி காந்தி மார்க்கெட்டில் அதே வாழையின் தார் பழுக்க எத்திலீன் வேண்டும். இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான்: எஸ்-அடினோசில் மெத்தியோனைன். வளர்வதும் முதிர்வதும் ஒரே குதிரிலிருந்து அள்ளுகின்றன.

புற்றுக்கட்டியும் பாலிஅமீனை வாரித் தின்னும். புட்ரெசினைத் தயாரிக்கும் என்சைமை முடக்கும் மருந்து எஃப்ளோர்னிதின். பெண்களின் முகத்து முடி வளர்ச்சியைக் குறைக்கும் க்ரீமிலும் அதுதான். 2023-இல் அமெரிக்கா அதையே, நியூரோபிளாஸ்டோமா குழந்தைகளுக்கு மறுபடி வராமலிருக்க அனுமதித்தது. முடிக்கும் கட்டிக்கும் தீனி ஒன்று.

கீமோ முடிந்து மூன்றாம் மாசம் அம்மா அப்பாவின் தலையைத் தடவி, "ஏங்க, வளருது" என்றாள். அதுவரை ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.